மாடி ரூம்பு எஞ்சினியருக்கு அப்புச்சி சொல்ற ரோசனை

கண்ணு, ஊட்டு மாடியிலயே இருந்து வேலை பார்க்கறதுன்னு நீ எடுத்தது நல்ல முடிவுதான். ஆரு என்ன சொன்னாலும் மாத்தாதே. ஏரோபிளேன் செய்யறவன் எதுக்கு ஏரோபிளேனுக்குப் பக்கத்துல போகோணும்? அங்க போனாச் சத்தம் காதைக் கிழிக்கும். பட்டறைக்குப் போனா எண்ணெய்ப் பிசுக்கு. அங்கராக்கு அழுக்காகும், அதை உங்கம்மா தொவைக்கோணும். மாடி ரூம்புல ஏசியப் போட்டுக்கிட்டு, மேல கம்பெனி சட்டை, கீழ லுங்கின்னு உக்காந்து, றெக்கைக்கு ஒரு பிராக்கெட்டை வரைஞ்சு பிரான்சுக்காரனுக்கு அனுப்பிச்சுட்டு, எறங்கி வந்து கம்பஞ்சோறு திங்கறதுக்கு ஈடு உண்டா?

ஊருல பேசத்தான் செய்வாங்க. மேக்காலத் தோட்டத்துக்காரரு, "பேரன் ஏரோபிளேன் செய்யறானாமா, எங்க வெச்சுங்க?"ன்னு கேட்டாரு. "அட்டாலியிலதானுங்க, றெக்கை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டிருக்கும், ராத்திரி பார்த்தாத் தெரியும்"னு சொல்லி அனுப்பிச்சேன். பொண்ணு ஊட்டுக்காரங்க வந்தப்பவும் அதே கேள்வி. மாப்பிள்ளைக்கு ஆபீசு எங்கீங்கன்னாங்க. படி ஏறுனா ஆபீசுங்க, எறங்குனா ஊடுங்கன்னேன். காப்பிய மட்டும் குடிச்சுப்போட்டுப் போய்ட்டாங்க. போகட்டும் உடு, நல்ல எடம் வேற வரும்.

நான் எட்டாங்கிளாசுதான். ஆனா வயசுல கோயமுத்தூரு கணபதிப் பக்கம் லேத்துப் புடிச்சவன். அதனால உனக்கு நாலு ரோசனை சொல்ற அளவுக்கு வாய் இருக்குது.

மொதல்ல மூலை. அன்னைக்கு உன்ற கம்ப்யூட்டர்ல அந்த பிராக்கெட்டைச் சுத்திச் சுத்திக் காட்டினயே, உள்மூலை அல்லாம் கத்தி வெச்சு அறுத்தாப்ல சும்மா சதுரமா நின்னுச்சு. பார்க்கவே அழகு. அதை அப்படியே அனுப்பு, ரேடியஸ் கீடியஸ்னு எதுவும் போட்டுறாதே. மில்லிங்குல ஓடற கட்டரு வட்டமாத்தான் சுத்தும், அது போய்த் திரும்பற எடத்துல மூலை வட்டமாத்தான் வரும்னு மெஷின்காரன் போன் பண்ணுவான். எடுக்காதே. நெட்டு போயிருச்சுன்னு சொல்லிக்கலாம். அவன் ரெண்டாந்தரம் பண்ணுனா, ஆகாசத்துல பறக்கறப்ப சதுர மூலையிலதான் விரிசல் மொதல்ல உழுகும்னு வேற சொல்லுவான். அதையும் கேட்டுக்காதே. உன்னைவிட எச்சு தெரிஞ்சவன் மாதிரி பேசறவங்கிட்ட நமக்கென்ன சோலி?

அப்பறம் போல்ட்டு. உன்ற படத்துல ஆறு போல்ட்டும் தானாவே வந்து உக்காந்துக்குது. நெசத்துல அதை முடுக்கறதுக்கு ஒரு மனுசன் வேணும், அவனுக்குக் கை இருக்குது, கையில ஆலன் கீ இருக்குது, கீ திரும்பறதுக்கு எடம் வேணும். இதெல்லாம் கம்ப்யூட்டர்ல தெரியாது. தெரியாத வரைக்கும் நிம்மதி.

இப்ப சூட்டுக்கு வர்றேன். படத்துல இருக்கற அளவெல்லாம் 20 டிகிரியில எடுத்த அளவுன்னுதான் அர்த்தம். 1931லயே பெரிய ஆளுங்க கூடி முடிவு பண்ணுன கணக்கு அது. சித்தரை மாசம் நம்ம பட்டறையில 38 டிகிரி. ஒரு மீட்டரு நீளத்துக்கு அலுமினியம் வெச்சிருந்தா, அந்தப் பதினெட்டு டிகிரிக்கு 0.4 மில்லிமீட்டர் நீண்டுக்கும். நீ குடுத்த டாலரன்ஸு 0.05. ஆக, ஒரு தப்பும் பண்ணாத டர்னரு ஒண்ணும் பண்ணாம நிக்கறப்பவே ஜாப் எட்டு மடங்கு எகிறிப்போச்சு. அதுக்குத்தான் அளக்கற ரூம்புல ஏசி வெச்சு, ஜாப்பை மெஷின்ல இருந்து எடுத்ததும் மணிக்கணக்குல ஆறப் போட்டுட்டு அளக்கறாங்க. நம்ம தோட்டத்துல 20 டிகிரி இருக்கற ஒரே எடம் உன்ற ரூம்புதான் கண்ணு. நீயும் உன்ற படமும் ஒரே சூட்டுல இருக்கறீங்க. ரெண்டு பேரும் அங்கயே இருந்துக்கங்க.

சிரிக்காதே, இன்னொண்ணு சொல்றேன். நீ வேலை பார்க்கற பிரான்சுக்காரங்க சீமையிலயே நடந்தது. ஏர்பஸ்ஸுக்காரன் ஏ380ன்னு ரெண்டு மாடி ஏரோபிளேன் செஞ்சானே, அதுக்குள்ள ஓடற ஒயரு மட்டும் சுமாரா 530 கிலோமீட்டரு. இங்கிருந்து மெட்ராசுக்கு இழுத்துக் கட்டுனாலும் மிச்சமாகும். அதுல ஒடம்புத் துண்டுகளை ஜெர்மனியில ஹாம்பர்க்குல செஞ்சு, ஒயர் கட்டுகளையும் அங்கயே தைச்சு, பிரான்சுல துளூசுக்கு அனுப்பினாங்க. அங்க வெச்சுக் கோத்துப் பார்த்தா ஒயரு எட்டல! ஏன்னா, ஹாம்பர்க்காரன் கேட்டியான்னு ஒரு சாப்ட்வேர்ல நாலாம் நெம்பர்ல வரைஞ்சான், துளூசுக்காரன் அதே கேட்டியாவுல அஞ்சாம் நெம்பர்ல வரைஞ்சான். ஒண்ணுல வரைஞ்சது இன்னொண்ணுல ஒழுங்காப் போய்ச் சேரல. ஒயரு வளையற எடத்துல எவ்வளவு நீளம் தின்னும்ங்கற கணக்கு பிசகிப்போச்சு.

ரெண்டு பக்கமும் படிச்ச ஆளுங்கதான். ரெண்டு பக்கமும் அவங்கவங்க ஸ்கிரீன்ல ஒயரு சரியாத்தான் எட்டுச்சு. கடைசில நூத்துக்கணக்குல ஜெர்மன்காரங்க பொட்டி படுக்கையக் கட்டிக்கிட்டுத் துளூசுக்கே வந்து, ஏரோபிளேன் வயித்துக்குள்ள பூந்து, கையால ஒவ்வொரு ஒயரா இழுத்துச் சேர்த்தாங்க. ரெண்டு வருசம் தள்ளிப்போச்சு. 2006ல கம்பெனிப் பெரிய தலைங்களே நாற்காலிய உட்டு எறங்கினாங்க. மொத வண்டி சிங்கப்பூர்க்காரங்கிட்டப் போய்ச் சேர்றப்ப 2007 அக்டோபரு. நீ பயப்படாதே, உன்ற பிராக்கெட்டுக்கு அவ்வளவு பெரிய தலை எல்லாம் உருளாது. உன்றது மட்டுந்தான்.

இதெல்லாம் எனக்கு ஆரு சொன்னான்னு பாக்கறயா? நீ குடுத்த பழைய போனுதான். உங்கம்மாயி ஆசாரத்துல சீரியல் பாக்கறா, நான் கட்டல்ல படுத்துக்கிட்டு இதைப் பாக்கறேன். ரெண்டுலயும் ஆராச்சும் அழுதுக்கிட்டுத்தான் இருக்கறாங்க.

நீ சும்மா உடமாட்டே, தெரியும். செவ்வாய்க் கதைய எடுத்துக்கிட்டு வருவே. 2020 மார்ச் 20ஆந் தேதி, கொரோனாவுக்குக் கதவைச் சாத்துனப்ப, அமெரிக்காவுல ஜேபிஎல்ங்கற விண்வெளிக் கூடத்துக்காரங்க அவங்கவங்க ஊட்டுல உக்காந்துக்கிட்டே செவ்வாயில நிக்கற கியூரியாசிட்டி வண்டிக்கு அன்னன்னைக்கு வேலை சொல்லி அனுப்பிச்சாங்க. ஆபீசுல இருக்கற பெரிய முப்பரிமாணக் கண்ணாடிய ஊட்டுக் கம்ப்யூட்டர்ல மாட்டமுடியாதுன்னு, சினிமாக் கொட்டாயில ஒரு காலத்துல குடுத்தானே செவப்பும் நீலமுமா ஒரு கண்ணாடி, அதை மாட்டிக்கிட்டுப் பாறையப் பார்த்தாங்க. வண்டியும் நகந்துச்சு, பாறையில தொளையும் போட்டுச்சு. அவ்வளவு தூரத்துல இருக்கறதுக்கே ஊட்டுல இருந்து பண்றப்ப, றெக்கை பிராக்கெட்டு ஒரு பெரிய சோலியான்னு கேப்பே.

நியாயந்தான். ஆனா அந்தக் கதையில ஒரு பாதியத்தான் நீ படிச்சே. அந்த வண்டிக்கு ஒரு ரெட்டைப் பொறப்பு அதே ஜேபிஎல்ல மண்ணுலயும் கல்லுலயும் ஓடிக்கிட்டிருக்குது. 2012ல வண்டி செவ்வாயில எறங்கறதுக்கு முன்னால இருந்தே அந்த ரெட்டை மேல அவங்க கை பட்டுக்கிட்டு இருந்துச்சு. எந்தச் சக்கரம் எந்தக் கல்லுல என்ன முக்கு முக்கும்னு பக்கத்துல நின்னு பார்த்தவங்க. கொரோனாவுல அவங்க ஊட்டுக்குக் கொண்டு போனது ஒரு கம்ப்யூட்டரும் அந்தக் காயிதக் கண்ணாடியும் மட்டுமில்ல.

அத உடு. நம்ம இஸ்ரோக்காரங்க நிலாவுல வண்டி எறக்கறதுக்கு என்ன பண்ணுனாங்கன்னு தெரியுமா? நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலைன்னு ஊருங்க. அந்த மண்ணுல கெடக்கற அனார்த்தசைட்டுங்கற கல்லு நிலாக் கல்லு மாதிரியே இருக்குதுன்னு அதை அள்ளிக்கிட்டுப் போயி, இடிச்சுப் பொடி பண்ணி, பெங்களூருல நெரவி, அது மேல சந்திரயான் 2 வண்டிய ஓட்டிப் பார்த்தாங்க. நிலாவுக்கே போகாதவன் நிலாவைக் கால்ல மிதிச்சுப் பார்த்துட்டான். மூணாவது சந்திரயான் 2023 ஆகஸ்ட் 23ல நல்லபடியா எறங்குச்சு. நாலு லட்சம் கிலோமீட்டருக்கு அக்கட்டால வேலை பார்க்கறவன் மண்ணுக்காக நாமக்கல்லு வரைக்கும் வந்தான். நீ நாமக்கல்லுக்குக் கோழி முட்டைக்குக்கூடப் போனதில்ல.

அப்பல்லோ 13ம் உனக்குப் புடிச்ச கதை. பொங்கலுக்குக் கரண்ட்டு போனப்ப வாசல்ல உக்காந்து நீ சொன்னதுதான். 1970 ஏப்ரல்ல, நிலாவுக்குப் போற வழியில ஆக்சிஜன் டேங்க்கு வெடிச்சுப்போச்சு. மூணு பேரும் எறங்கற கலத்துக்குள்ள ஒதுங்குனாங்க, மூச்சுக்காத்தைச் சுத்தம் பண்ற டப்பா சதுரம், மாட்டற எடம் வட்டம். கீழ இருந்த எஞ்சினியருங்க மேல என்னென்ன இருக்குதோ அதையே மேசை மேல பரப்பி, பிளாஸ்டிக் பையி, அட்டை, குழாயி, டேப்புன்னு ஒட்டிப் பார்த்துட்டு, ரேடியோவுல ஒவ்வொண்ணாச் சொல்லி ஒட்ட வெச்சாங்க. நீ கை தட்டுனே. நானும் தட்டுனேன்.

அந்த டேங்க்கு ஏன் வெடிச்சதுன்னு நீ சொல்லல கண்ணு. அப்பறம் நானேதான் பார்த்துக்கிட்டேன். செய்யற கம்பெனியில அது ரெண்டு இஞ்ச் உசரத்துல இருந்து நழுவி உழுந்துச்சு. மேலுக்கு ஒண்ணுமில்ல. ஏவறதுக்கு முந்தின மாசம் சோதனை பண்றப்ப உள்ள இருந்த ஆக்சிஜன் வெளிய வரமாட்டேன்னுச்சு. சரி, ஹீட்டரைப் போட்டுக் காய்ச்சி வெளியேத்தலாம்னாங்க. அந்த ஹீட்டருக்குக் காவலா ஒரு சுவிட்சு, சூடு எச்சானா அமத்தறதுக்கு. அது 28 வோல்ட்டுக்குச் செஞ்சது, கொடுத்த கரண்ட்டு 65 வோல்ட்டு. சுவிட்சு ஒட்டிக்கிச்சு, அமத்தவேயில்ல. பக்கத்துல ஒரு ஆளு மீட்டரைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தாரு. அந்த மீட்டரு 80 ஃபாரன்ஹீட்டுக்கு மேல காட்டாது! உள்ள ஆயிரத்தைத் தொட்டிருக்கும்னு பின்னால கணக்குப் போட்டாங்க. ஒயரு மேல இருந்த தோலு வெந்து கெடந்தது. முள்ளு மட்டும் 80ல நின்னுக்கிட்டு எல்லாம் சரின்னு சொல்லுச்சு.

உனக்கு இது எங்கியோ கேட்டாப்ல இருக்கோணுமே. நம்ம போர் மோட்டாருக்கு நீ செல்போன் ஸ்டார்ட்டரு மாட்டுனே. பெங்களூருக்கு மீட்டிங்குக்குப் போனப்பக்கூட அங்கிருந்தே மோட்டாரை ஓட்டுனே. "மோட்டார் ஓடுது"ன்னு மெசேஜ் வந்துச்சு, நெசமாவும் ஓடுச்சு. தண்ணிதான் எறங்கிப்போச்சு. தண்ணி இல்லைன்னா மோட்டாரை அமத்தற ட்ரை ரன் பொட்டிய அப்பறம் மாட்டிக்கலாம்னு நீதான் சொன்னே. காயில் கருகற வாசம் உனக்கு மெசேஜ்ல வரல, தென்னைக்குத் தண்ணி உடப் போன எனக்கு வந்துச்சு. நான் ஒண்ணுஞ் சொல்லல. எஞ்சினியரு பார்த்துக்குவாருன்னு இருந்துட்டேன்.

உன்ற கம்பெனிப் பெரிய தொரையும் கெட்டிக்காரந்தான். போர் விமானச் சோலி எல்லாம் உன்ற அட்டாலிக்கு வராது. அதுல அமெரிக்காச் சாமான் இருந்தா, அதோட படத்தை வெளிநாட்டான் கண்ணுல காட்டுனாலே ஏத்துமதிங்கறது அமெரிக்காக்காரன் சட்டம். அதனால உனக்கு வர்றது சீட்டுக்கடி பிராக்கெட்டும் றெக்கை பிராக்கெட்டுந்தான். அதுவும் போதும், அதுலயே நூறு உசுரு குந்தியிருக்குது.

மீட்டிங்குல மட்டும் நீ ஒரு மாதிரி பேசறே சாமி. கீழ இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறேன். "நான் பார்த்தேன், ஜாப் நல்லாயிருக்குது"ங்கறே. கல்யாணத்துல போட்டோவுக்கு மட்டும் வந்து நின்னுட்டுப் போற தூரத்து மாமன் மாதிரி இருக்குது அது. நீ பார்த்தது ஜாப்போட போட்டோ. அதுவும் அவன் நல்லாத் தொடைச்சு, நல்ல பக்கமாத் திருப்பி வெச்சு எடுத்தது. பர்ருங்கற பிசிறு இருக்கற பக்கத்தை ஆருடா போட்டோ எடுப்பா? வெரலை அந்த ஓரத்துல வெச்சு இழுத்தீன்னா ரத்தம் சொல்லும். அதை ஸ்கிரீன்ல இழுத்தா விரல் ரேகை உழுகும், உங்கம்மா துடைச்சுக்குவா.

ஊட்டுல இருந்து வேலை பார்க்கறதே தப்புன்னு நான் சொல்லல. ஆபீசுக்குப் போயி இதே ஸ்கிரீனைப் பார்க்கறதுக்கு ரெண்டு மணி நேரம் டிராபிக்குல நிக்கறவனைவிட நீ மேலு. சாயங்காலம் மாடு புடிச்சுக் கட்டறயே, அது எந்த ஆபீசுல கெடைக்கும்? உன்ற பிராக்கெட்டை வெட்டறவன் கோயமுத்தூர்லயே இருக்கறான்னு நீயே சொன்னே. அப்ப அவன் பட்டறை இங்கிருந்து ஒரு மணி நேரம். பிரான்சுக்காரன்கிட்ட தெனமும் ராத்திரி பேசறே, அவங்கிட்ட ஒரு தடவை பேசுனயா?

வர்ற வாரம் நம்ம லைன்ல கரண்ட்டு நிறுத்தற அன்னைக்கு எப்படியும் நீ சும்மாதான் இருப்பே. வெடியால வண்டிய எடு. ஒரு சீப்புப் பழம் எடுத்துக்க, பட்டறைக்கு வெறுங்கையோட போகக்கூடாது. எஞ்சினியருன்னு சொல்லாதே, படம் வரைஞ்ச பையன்னு சொல்லு. அவன் மொதல்ல திட்டுவான், அரைமணி நேரம் வாயைத் தொறக்காம நில்லு. அப்பறம் அவனே உன்ற மூலையக் காட்டுவான், எந்தக் கட்டரு ஒடிஞ்சுதுன்னு காட்டுவான், ஃபிக்சரை எப்படிப் போட்டு உன்ற படத்தைக் காப்பாத்துனான்னும் காட்டுவான். அந்த சூட்டோட ஜாப்பைக் கையில வாங்கிப் பாரு. கையில கறை உழுந்தா உங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்.

போறது போறே, பழைய ஆட்டோவைக் கூப்புட்டு அந்த மோட்டாரையும் ஏத்திக்க. மோட்டார் ரூம்புல சாக்குப் போட்டு மூடி வெச்சிருக்கறேன். கணபதியில காயில் கட்டறவன்கிட்ட எறக்கு, நான் சொன்னேன்னு சொன்னாப் பொழுதோட கட்டிக் குடுத்துருவான். காசு கேட்டா நீயே குடுத்துரு, பிரான்சுக்காரன் சம்பளம் போட்டுட்டான்னு மெசேஜ் வந்ததை நான் பார்த்தேன். ட்ரை ரன் பொட்டியும் ஒண்ணு வாங்கிக்க. வர்ற வழியில உங்கம்மாயிக்குத் தெரியாம எனக்கு அரைக்கிலோ மைசூர்பாகு.