ரவுட்டர் புராணம்: காட்பாடிப் பதிப்பு

அவதாரப் படலம்

1984. காட்பாடியில் வேலூர் இன்ஜினியரிங் காலேஜ் என்ற பெயரில் இன்றைய வி.ஐ.டி. பிறந்த வருஷம். அதே வருஷம் அக்டோபரில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஜெஃப்ரி மோகல் என்பவர் ஆர்.எஃப்.சி. 919 என்ற இன்டர்நெட் விதி ஓலையை எழுதி முடித்தார். இரண்டுக்கும் எள்ளளவும் சம்பந்தம் கிடையாது. புராணத்துக்கு ஒரு தல மகாத்மியம் வேண்டாமா, அதற்காகச் சொன்னேன்.

ஓலையின் சாரம் இதுதான்: ஒரு நெட்வொர்க்கில் யார் எங்கே இருக்கிறார் என்று தெரியாவிட்டால், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கூவு. கூவுவதற்கான முகவரி 255.255.255.255. காட்பாடி ஜங்ஷன் ஒலிபெருக்கி கணக்குத்தான். திருப்பதி வண்டி அறிவிப்பை பெங்களூர் வண்டிக்கு நிற்பவரும் கேட்டே தீர வேண்டும். ஆனால் இந்தச் சத்தத்தை நெட்வொர்க் வாசலில் நிற்கும் ரவுட்டர் வெளியே விடாது.

முந்தைய வருஷம் வந்த 4.2 பி.எஸ்.டி. யுனிக்ஸ், முகவரியின் கடைசிப் பகுதியில் எல்லாம் பூஜ்யம் போட்டுக் கூவிக்கொண்டிருந்தது. மோகலோ எல்லா பிட்டும் ஒன்று என்றார். பூஜ்யக் கட்சியும் ஒன்றுக் கட்சியும் ஒரே கேபிளில் குடித்தனம் நடத்தின. ஒரு கட்சி கூவியது மறு கட்சிக்கு விளங்காமல், ‘வேறு யாருக்கோ வந்தது போல’ என்று திருப்பி அனுப்ப, கேபிள் மூச்சு முட்டியது.

வரப் படலம்

அடுத்த ஊர்க்காரர்களை மொத்தமாகக் கூப்பிடவும் வழி இருந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர்களெல்லாம் 192.168.20 என்று தொடங்கும் முகவரியில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காட்பாடி கிளையிலிருந்து 192.168.20.255 என்று எழுதி அனுப்பினால் போதும். வழியில் உள்ள ரவுட்டர்களுக்கு அது பத்தோடு பதினொன்று. ஆம்பூர் வாசலில் இருக்கும் ரவுட்டர்தான் பிரித்துப் பார்த்து ஆபீஸ் முழுக்கக் கூவும். இதற்கு டைரக்டட் பிராட்காஸ்ட் என்று பெயர்.

1995 ஜூனில் ஃபிரெட் பேக்கர் தொகுத்த ஆர்.எஃப்.சி. 1812 வரம் கொடுத்தது: இதை நிறுத்த ரவுட்டரில் கட்டாயம் ஒரு வசதி இருக்க வேண்டும், ஆனால் நிறுத்தாமல்தான் விற்க வேண்டும்! உலகத்தில் எல்லாரும் யோக்கியர்கள் என்ற நம்பிக்கை உச்சத்தில் இருந்த அந்த வருஷம்தான், ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். நம் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது.

குள்ளர் படலம்

1997இல் ஸ்மர்ஃப் என்ற அசுரன் வந்தான். பெல்ஜியம் நாட்டுக் கார்ட்டூனில் வரும் நீலநிறக் குள்ளர்களின் பெயர். வேலை படு சுலபம். ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் பிங் ஒன்றை ஏதோ ஒரு ஆபீஸின் பிராட்காஸ்ட் முகவரிக்கு அனுப்ப வேண்டியது. அனுப்புநர் இடத்தில் தன் முகவரிக்குப் பதில் பிடிக்காதவன் முகவரி. அங்கே 200 கம்ப்யூட்டர் இருந்தால் 200 பேரும் ‘இருக்கிறேன் சார்’ என்று பிடிக்காதவன் தலையில் போய் விழுவார்கள். அனுப்பியவனுக்குச் செலவு ஒரு பாக்கெட்.

அதிகம் அடிபட்டவற்றுள் ஐ.ஆர்.சி. அரட்டை சர்வர்களும் உண்டு. அடி வாங்கியவர் விசாரித்தால், கிடைப்பது அடித்தவன் முகவரி அல்ல. ஒரு பாவமும் அறியாத அந்த 200 பேரின் முகவரி. 1998 ஜனவரி 5 அன்று கம்ப்யூட்டர் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட் அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது.

வாய்ப்பூட்டுப் படலம்

அட்மின்கள் ஒவ்வொரு ரவுட்டராக ஏறி, ஒவ்வொரு இன்டர்ஃபேஸிலும் ‘நோ ஐபி டைரக்டட்-பிராட்காஸ்ட்’ என்று தட்டினார்கள். ஒன்றை மறந்தாலும் குள்ளர்களுக்கு அது போதும். 1999 ஆகஸ்டில் டேனியல் சினியின் ஆர்.எஃப்.சி. 2644 வரத்தைத் திரும்பப் பெற்றது: இனி கேட்டால் ஒழிய அனுப்பாதே. ரவுட்டர் கம்பெனியான சிஸ்கோ அதற்குள் தன் ரவுட்டர் மென்பொருளான ஐ.ஓ.எஸ்.ஸின் 12.0 பதிப்பிலேயே ‘நோ’வை இயல்பாக்கியிருந்தது. பதினைந்து வருஷ ஆராய்ச்சியின் முடிவு, ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்.

துயிலெழுப்பு படலம்

அதோடு விட்டதா? தூங்கும் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து எழுப்ப மேஜிக் பாக்கெட் என்று ஒன்று உண்டு. முதலில் ஆறு பைட் 255. பிறகு அந்தக் கம்ப்யூட்டரின் மேக் முகவரி 16 முறை. அஷ்டோத்திரம் அளவுக்குப் போகவில்லை என்பதே ஆறுதல். தூங்குகிறவர் ‘இந்த ஐபி என்னுடையது’ என்று பதில் சொல்ல மாட்டார். ஆகவே எல்லாருக்கும் கேட்கும்படி கூவித்தான் ஆக வேண்டும்.

அதனால் காட்பாடி அட்மின் ஆம்பூர் ரவுட்டரில் வாய்ப்பூட்டைக் கொஞ்சம் தளர்த்துகிறார். கட்டளையைப் போட வேண்டியது பாக்கெட் நுழையும் இன்டர்ஃபேஸில் அல்ல, கூவப்போகும் ஆபீஸ் பக்கத்து இன்டர்ஃபேஸில். கூடவே ஒரு ஆக்சஸ் லிஸ்ட்: இந்த ஒரு சர்வர் அனுப்பினால் மட்டும் கூவு.

நூற்பயன்: லிஸ்ட்டோடு திறந்தவரின் கம்ப்யூட்டர் காலையில் விழிக்கும். லிஸ்ட் இல்லாமல் திறந்தவர், மேனேஜர் முன்னால் தானே விழிப்பார்.