புதுமீன் ஒடுக்கம்: அகமும் புறமும்

புதிதாகத் தொட்டியில் விடப்பட்ட மீன் முதல் சில நாள் வெலவெலத்துக் கிடப்பது புதுமீன் ஒடுக்கம் எனப்படும். அது அகம், புறம் என இருவகைப்படும். தொட்டிக்குள் நிகழ்வன எல்லாம் அகம். துள்ளித் தரையில் விழுவது புறம். புறத்துக்கு மூடியே மருந்து; மேற்கொண்டு அதில் ஆராய ஒன்றுமில்லை.

அகத்துக்கு முதல், கரு, உரி மூன்றும் உண்டு. நிலம், இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. பெரும்பொழுது, முழுப்பரீட்சை முடிந்த கோடை விடுமுறை. சிறுபொழுது, கொளத்தூர் மீன் கடைகளில் நெருக்கித் தள்ளும் ஞாயிற்றுக்கிழமை மாலை. ஃபில்டரும் நீலக் கூழாங்கல்லும் பிளாஸ்டிக் செடியும் வாய் திறந்து குமிழி விடும் புதையல் பெட்டியும் கருப்பொருள். உரிப்பொருள், ஒளிதலும் ஒளிதல் நிமித்தமும்.

நிமித்தங்கள் பல. துடுப்புகளை உடலோடு ஒட்டிக்கொள்ளுதல் ஒன்று. கண்ணாடி ஓரமாக மேலும் கீழும் அலைதல் மற்றொன்று. வெளிறல் என்பதில் ஒரு விலக்கு உண்டு: நியான் டெட்ரா இரவில் இயல்பாகவே நிறம் மங்கும், நள்ளிரவில் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகலாகாது. மேலே வந்து வாய் பிளப்பது கோல்டு ஃபிஷுக்கு அபாய அறிகுறி. ஃபைட்டருக்கோ அன்றாட வழக்கம். காற்றை நேரடியாகச் சுவாசிக்க அதற்கு லேபிரிந்த் என்ற தனி உறுப்பு இருக்கிறது. உண்ணாமை, எளிதில் விளங்கும்.

இனி மூலை. ஒளியும் மீன் எந்த மூலையில் ஒளியும் என்பதில் அறிஞரிடையே உடன்பாடு இல்லை. தொட்டிக்கு மூலை நான்கு என்பர் ஒருசாரார். மேலே நான்கு, கீழே நான்கு, ஆக எட்டு என்பர் மறுசாரார். வட்டத் தொட்டிக்கு மூலையே இல்லையே எனின், அங்கே மீன் இல்லாத மூலையைத் தேடிச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதுவும் ஒளிதல் நிமித்தமே என்க. ஃபில்டர் மூலையே தலையாயது என்பது ஃபில்டர் மரபு. அங்கே நீரோட்டம் மீனைத் தள்ளும், ஆதலால் அது பொருந்தாது என்பது செடி மரபு. ஒரே கப்பியை ஒரே நேரத்தில் தத்தம் மூலையில் கண்டதாக இரு மரபினரும் ஏழு கருத்தரங்குகளில் சாதித்தார்கள். தொட்டியில் இருந்தவை இரண்டு கப்பிகள். புதையல் பெட்டிக்குள் புகுந்துகொண்ட மோலி எந்த மூலையைச் சேரும் என்பதற்கு ஓர் அடிக்குறிப்பு எழுந்தது. அதற்கு மறுப்பும், மறுப்புக்கு விளக்கவுரையும், விளக்கவுரைக்கு அரும்பதவுரையும் வந்தன. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய உரை கிடைக்கவில்லை. கிடைக்காததால் அதை மேற்கோள் காட்டாத ஆய்வேடே இல்லை.

இத்தனை காலமும் தண்ணீரை ஒருவரும் சோதிக்கவில்லை. அது வேதியியல், அந்தத் துறை வேறு கட்டடத்தில் இருக்கிறது.

ஒடுக்கத்துக்கு இருப்பிடம் மாறிய அதிர்ச்சி ஒரு காரணம். அதைப் பெரிதாக்குவது பெரும்பாலும் தண்ணீர்தான். கடையில் கட்டித் தரும் கவருக்குள் மீன் விடும் கரியமில வாயு கரைந்து நீரின் அமிலத்தன்மை கூடுகிறது. அந்த நிலையில் மீனின் கழிவு, அதிகத் தீங்கற்ற அம்மோனியமாக இருக்கும். கவரைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேற, அமிலத்தன்மை குறைந்து, அம்மோனியம் நஞ்சான அம்மோனியாவாக மாறத் தொடங்கும். எனவே கட்டிய கவரை அப்படியே 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பம் சமமானபின் திறந்து, அதிகம் தாமதிக்காமல் மீனை மட்டும் வலையில் எடுத்து விட வேண்டும். கவர்த் தண்ணீர் தொட்டிக்குப் போகக் கூடாது. குழாய்த் தண்ணீரின் குளோரின் செவுளைப் புண்ணாக்கும். அதை முறிக்கும் மருந்து கடையிலேயே கிடைக்கும். ஒடுங்கிய மீனின் உடலில் கார்டிசால் கூடும், எதிர்ப்பாற்றல் குறையும். அந்தச் சமயம் பார்த்து வெண்புள்ளி நோய் தொற்றும். முதல் நாள் விளக்கும் தீனியும் வேண்டாம். கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பதை எந்த மரபும் ஏற்கவில்லை.

அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா ஃபில்டரில் வேரூன்றப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை வெறும் தொட்டியில் ஃபில்டரை ஓடவிட்டுத் தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுகவிட வேண்டும். நடைமுறையிலோ தொட்டியும் மீனும் ஒரே பில்லில், ஒரே ஆட்டோவில் வீடு வந்து சேர்கின்றன. தொட்டி வாங்கிய அன்றே மீன் வாங்கக் கூடாது.