ஐஸ்கிரீம் மெஷினோடு ஓடியவர்

1980இல் வந்த ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ விண்வெளிப் படத்தில், பேரரசுப் படை புகுந்ததும் மேக நகரமே தலைதெறிக்க ஓடுகிறது. கூட்டத்தில் ஆரஞ்சு உடுப்புக்காரர் ஒருவர், கையில் வெள்ளை டப்பா. உற்றுப் பார்த்தால், வீட்டில் ஐஸ்கிரீம் செய்யும் மெஷின்! ஓரிரு விநாடிதான். நகைநட்டு, துணிமணி எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை ஏன் தூக்கினார்? படம் மூச்சுவிடவில்லை. ரசிகர்கள் விடுவார்களா? பிற்பாடு அவருக்கு வில்ரோ ஹூட் என்று நாமகரணமே நடந்தது. 2019இல் அதே கதையுலகில் வந்த ‘தி மாண்டலோரியன்’ தொடர் அதே டப்பாவை உலோகக் கட்டிகள் வைக்கும் பெட்டகமாகப் பதவி உயர்த்தியது. ஓட்டையை அடைக்க இத்தனை வருடம்! இருக்கட்டும். படத்தின் நாயகர்களில் ஒருவரான ஹான் சோலோவையே உயிரோடு உறையவைத்த ஊர் அந்த மேக நகரம். அங்கே ஐஸ்கிரீமுக்குத் தனி மெஷின் எதற்காம்?