பூவோடு வரும் பாம்பு

கேள்வி: 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் எப்போது பார்த்தாலும் டிராகனும் கொப்ளினும்தான். புதிதாக எதை இறக்கலாம்?
– வாசகர், இறுப்பிட்டி

பதில்: இறுப்பிட்டிக்காரர் இதற்காக வெகுதூரம் தேட வேண்டியதில்லை, குறிகட்டுவானில் நயினாதீவுக்குப் படகேறினால் போதும்: அந்தத் தீவின் கதையில் ஒரு நாகம் இருக்கிறது.

நாகம் அந்த ஆட்டத்துக்கு அந்நியமல்ல. 1977இல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' நூலிலேயே காவல் நாகமும் நீர் நாகமும் உண்டு. ராட்சதரும் அதில் இருக்கிறார்கள், ஆனால் புலித்தலையோடு. மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் அவர்கள் சாவார்கள் என்ற விதி 1974ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரொன்றிலிருந்து வந்தது. பத்துத் தலையும் வீணையுமாக இராவணனை அறிந்தவர்களுக்கு அது போதாது.

நயினாதீவுக் கதையை எடுங்கள். அம்மனுக்குப் பூவைக் கவ்விக்கொண்டு புளியந்தீவிலிருந்து ஒரு நாகம் நீந்தி வருகிறது. கருடன் பாய்கிறது, நாகம் கடற்பாறையைச் சுற்றிக்கொள்கிறது. வழியில் வந்த மாநாய்கன் என்ற வணிகன் கருடனிடம் மன்றாடுகிறான். செல்வத்தையெல்லாம் கொடுத்து அம்மனுக்குக் கோயில் எழுப்பினால் விடுகிறேன் என்கிறது கருடன்.

இதைவிட நல்ல ஆட்டக்காட்சி கிடைக்குமா? இரண்டு விலங்குகளுக்கும் ஆளுக்கொரு தேவை இருக்கிறது. ஆட்டக்காரர்களை அந்த வணிகனின் படகில் ஏற்றுங்கள். நாகத்தின் உயிர்ப்புள்ளிகளைத் தாராளமாகக் குறையுங்கள்: ஒரே வெட்டில் செத்துவிடும், வாயில் பூ இருப்பதால் கடிக்கவும் முடியாது. கருடனை மட்டும் வெல்லவே முடியாததாக வையுங்கள். இருபது முகப் பகடையை உருட்டுமுன், எவ்வளவு பொன்னை இழக்கத் தயார் என்று அவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்குவார்கள்.