நன்னீர்ப் பேத்தையின் பல்லும் கூட்டுக் குடும்பமும்: ஒரு பன்முக ஆய்வு

ஆய்வு எல்லை: நைல் ஆற்றுப் பேத்தையான ஃபஹாக்கா ஒன்று, அதை வளர்க்கும் மூன்றாம் மாடி வீடு ஒன்று, அவ்வீட்டில் அம்மீனோடு பேசுவோர் மற்றும் பேசாதோர். கடற்பேத்தை ஈண்டு இடம்பெறாது. நம் மீனவர்கள் அதை வலையிலிருந்து எடுத்து எறிவதோடு அது பற்றிய விவாதம் முடிந்துவிடுகிறது.

முன்னாய்வுகள்: லின்னேயஸ் 1758இல் இம்மீனுக்கு அறிவியல் பெயர் சூட்டினார். நெப்போலியன் 1798இல் எகிப்துக்குப் படையெடுத்தபோது உடன் சென்ற ஜெஃப்ராய் செயின்ட்-இலேர், இது உப்பும் விதத்தை ஆராய்ந்தார். மீனை நேரில் பார்த்துவிட்டு எழுதியவர் என்பதால் அவருடைய முறையியல் இன்றைய கருத்தரங்குகளில் செல்லாது.

அளவு: 40 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் தொட்டி வைத்தால் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 680 கிலோ. இது குறித்து வீட்டு உரிமையாளர் கூறியவை அச்சேற்றத் தக்கனவல்ல.

நிறம்: மஞ்சளில் கோடு.

பார்வை: இரு கண்களும் தனித்தனியே சுழலும். ஒன்று சாப்பாட்டுக் கிண்ணத்தின் மேல், மற்றொன்று நம் மேல்.

குணம்: தன் இனத்தானாயினும் பக்கத்தில் இன்னொருவனைப் பொறாது, கடித்துக் குதறும். ஒரே துறையில் பணியாற்றும் இரு பேராசிரியர்களிடமும் இவ்வியல்பு உண்டு என்பர். ஒப்பீட்டாய்வு தேவை.

உப்பல்: விருந்தினர் கேட்பது இதை மட்டுமே. மிரண்டால்தான் மீன் தண்ணீரை விழுங்கி உப்பும். வேடிக்கைக்காக மிரட்டுவது கயமை. வலையால் வெளியே தூக்கினால் காற்றை விழுங்கிவிட்டு, அதை வெளியேற்ற முடியாமல் திண்டாடும். ஆகவே தண்ணீரோடு சேர்த்து டப்பாவில் மொண்டு எடுப்பதே முறை.

இனி பல். இவ்வாய்வின் உயிர்நிலை இதுவே.

பேத்தைக்குப் பற்கள் மேலே இரண்டு, கீழே இரண்டு. கிளி மூக்கு போல ஒட்டியவை, ஆயுள் முழுதும் வளர்பவை. ஆற்றில் நத்தையையும் சிப்பியையும் ஓட்டோடு நொறுக்கித் தின்பதால் தேய்ந்துகொண்டே வரும். வீட்டில் அன்பு மிகுந்து இறாலை உரித்து உரித்து ஊட்டினால், பல் நீண்டு வாய் திறக்க மாட்டாமல் மீன் பட்டினி கிடக்கும். எனவே நத்தை தேவை. நத்தை வளர்க்க இரண்டாம் தொட்டி தேவை. நத்தைக்குக் கீரை தேவை. “நமக்குக் கூட்டு வைக்கவே கீரை போதவில்லை” என்பது எதிர்த்தரப்பு வாதம் (மாமியார், அடுக்களை உரைகள், காலைப் பகுதி). ஓடு மெலிந்த நத்தையால் பல் தேயாது. ஓடு கெட்டிப்படச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்குத் தொட்டியில் கடல் நுரை (கணவாய் ஓடு) போட வேண்டும். நாட்டு மருந்துக் கடைக்காரர், “யாருக்கு உடம்புக்கு என்ன?” என்று பரிவோடு விசாரிப்பார். “நத்தைக்கு” என்று சொன்ன ஆய்வாளரை அடுத்த முறை அவர் விசாரிப்பதில்லை.

இவ்வளவுக்குப் பின்னும் பல் நீண்டால் என்ன செய்வது? இங்கே அறிஞர் உலகம் இரண்டுபடுகிறது. இன்னும் கெட்டியான ஓடு கொடு என்பது ஓட்டுக் கட்சி. கிராம்புத் தைலம் கலந்த நீரில் மீனை மயக்கி, ஈரத்துணியில் பிடித்து, நுனியை நறுக்கு என்பது வெட்டுக் கட்சி. வெட்டுக் கட்சியின் கோட்பாடு சரியானதே. தைலத்தின் அளவு மிஞ்சினால் மீன் விழிக்காது என்பதால் மீன் வைத்தியம் தெரிந்தவர் செய்வது நல்லது. ஆயினும் அக்கட்சி ஒரு முதன்மைச் சான்றைத் தவறவிட்டது: வீட்டில் இருந்த தைலக் குப்பி ஒன்றுதான்; அது வேறொரு கடைவாய்ப் பல்லுக்காக வாங்கியது (மாமியார், மேலது, நண்பகல் பகுதி; விரிவுக்கு: மேற்படி உரைக்குத் தம் தங்கைக்குத் தொலைபேசியில் அவரே அருளிய விளக்கவுரை, ஒலி குறைக்கப்படாத பதிப்பு; அதன் மேல் கீழ்வீட்டு அம்மாள் மாடிப்படியில் நின்று எழுப்பிய ஐயங்களும் அவற்றுக்கான விடைகளும், பால்காரர் முன்னிலையில்). இவ்விளக்கவுரையின் மூலபாடம் குறித்து ஆய்வாளரின் மனைவி மாறுபட்ட கருத்து உடையவர். அதை அவர் இன்னும் வெளியிடவில்லை.

கழிவு: மிகுதி. வாரந்தோறும் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். தண்ணீர் லாரி வரும் மாதங்களில் இவ்வியலை உரக்கப் படிக்கலாகாது.

மேலாய்வுக் களங்கள்: இரண்டாம் தொட்டியில் நத்தை அளவுக்கு மீறிப் பெருகினால், அவற்றைத் தின்ன இன்னொரு பேத்தை வாங்கலாமா? மேற்காட்டிய குணத்தால் அதற்குத் தனித்தொட்டி, அதாவது மூன்றாவது, வேண்டியிருக்கும். இக்கருதுகோளை வீட்டில் முன்மொழிந்தபோது, வாய்மொழித் தேர்வு அன்றிரவே நடந்தது. புறத் தேர்வாளராக வீட்டு உரிமையாளரும் அழைக்கப்பட்டிருந்தார்.