காணாமையும் இன்மையும்: ஆறாவது கார்டு குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள் ஒரு கிராபிக்ஸ் கார்டு. நிறம் கறுப்பு, காற்றாடி இரண்டு, பெயர் ஆர்எக்ஸ் 580, நினைவகம் 8 ஜிபி. ஆய்வுக் களம் மதுரையில் ஒரு வீட்டின் மாடி அறை. ஆய்வுக் காலம் 2022 ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் 15 பகல் வரை. ஆய்வாளரின் தகுதி, அந்த வீட்டுக்குக் கரண்ட் பில் கட்டுபவர் என்பதே.

மாடி அறையில் அலுமினியச் சட்டமொன்றில் ஆறு கார்டுகள் வரிசையாக நிற்கும். மைனிங் ரிக் என்பார்கள். ஈத்தீரியம் நாணயத்துக்காக ஒவ்வொரு கார்டும் நொடிக்குச் சுமார் 3 கோடி முறை ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் ஊகித்துப் பார்க்கும். ஆறும் ஓடினால் நாளுக்கு 20 யூனிட் போகும். இரண்டு மாதத்துக்கு அரசு தரும் 100 இலவச யூனிட்டை ரிக் ஐந்தே நாளில் முடித்துவிட்டு ஆறாம் நாள் நம் பையைப் பார்க்கும்.

பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் நிறுத்தியிருந்த ஒரு நாள். கரண்ட் வந்ததும் ரிக்கைப் போட்டால் திரையில் ஐந்து கார்டுகள்தான். நொடிக்கு 15 கோடி ஊகம் செய்கிற எந்திரத்துக்கு ஒரு சாண் தள்ளி நிற்கிற தன் ஆறாவது கார்டு தெரியவில்லை. ஆய்வின் தூண்டுதல் இதுவே. அம்மாவின் தூண்டுதல் வேறு. மழைநாளில் ஈரத்துணி காய அந்த அறையை விட்டால் இடமில்லை. ஐந்து கார்டுச் சூட்டில் ஜீன்ஸ் காய்வதில்லை என்று அவர் தனியாகப் புகார் வைத்திருந்தார்.

இனி முன்னோர் ஆய்வு. ஒன்று இல்லை என்று எப்படி அறிவது என்பது நமக்குப் பழைய கேள்வி. மணிமேகலையில் வரும் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். அவற்றில் அபாவமும் ஒன்று. இல்லாததை இல்லை என்று அறிவது. தரையில் குடத்தைக் காணோம், ஆகவே குடம் இல்லை. ரிக்குக்குத் தெரிந்த அளவை இது ஒன்றுதான்: பட்டியலில் கார்டைக் காணோம், ஆகவே கார்டு இல்லை. ஆனால் நான் கார்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறேன். தொட்டால் லேசாக அதிர்கிறது. அதன் காற்றாடி என் வேட்டியையே அசைக்கிறது. காணாமை வேறு, இன்மை வேறு என்ற வேறுபாட்டை மதர்போர்டுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கம்ப்யூட்டர் கடைத் தம்பியோ கருதல் அளவையைக் கையாண்டார். "ஃபேன் ஓடுதுல்லண்ணே? அப்பக் கார்டு நல்லாத்தான் இருக்கு." புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்கிற அதே வாய்ப்பாடு. இதில் ஓட்டை உண்டு. கார்டுக்குக் கரண்ட் போகிற வழி ஒன்று, செய்தி போகிற வழி இன்னொன்று. கரண்ட் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து நேராக வருகிறது. செய்தி ரைசர் என்கிற குட்டிப் பலகையில் ஏறி, நீல நிற வயர் வழியாக மதர்போர்டுக்குப் போக வேண்டும். அந்த வயர் பார்வைக்கு யுஎஸ்பி வயர், உள்ளே ஓடுவது யுஎஸ்பி அல்ல. பெயரை நம்பி யுஎஸ்பி துளையில் செருகியவர் கதை வேறு கட்டுரைக்கு உரியது. காற்றாடி சுற்றுவதால் உயிர் இருப்பது தெரியும். பேச்சு இருப்பது தெரியாது.

மீதி எல்லாம் ஐதிகம். இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊர் சொல்வதை அப்படியே நம்புவதற்கு அளவைவாதி வைத்த பெயர் அது. ரிக் வைத்திருப்பவர்களிடம் பேய்களுக்குப் பஞ்சமில்லை. ரைசரைக் குற்றம் சாட்டுவோர் ஒரு கட்சி; அவர்கள் வீட்டில் உபரியாக எப்போதும் இரண்டு ரைசர் இருக்கும். ரைசருக்கு சாட்டா வயரில் கரண்ட் கொடுக்காதே என்பது இன்னொரு கட்சி. இவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஸ்லாட் வழியாக மட்டும் ஒரு கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். சாட்டா பிளக்கின் 12 வோல்ட் முனைகள் தாங்குவது 54 வாட். மிச்சம் 21 வாட்டும் கருகல் வாசனையாக வெளிவரும். மூன்றாவது கட்சி ரப்பர் கட்சி. கார்டைக் கழற்றி, தங்கமுலாம் பூசிய விளிம்பைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, ஊதி, மாட்டுவார்கள். படிந்த அழுக்கு போவது உண்மைதான். வெள்ளை ரப்பரா, வாசனை ரப்பரா என்பதில் அவர்களுக்குள்ளேயே பிளவு. நான் அக்கா மகனின் வாசனை ரப்பரை எடுத்தேன். கார்டு தெரியவில்லை, ஆனால் அறை முழுக்க ஸ்ட்ராபெரி.

அடுத்து சோதனை முறை. ஆறு கார்டு, ஆறு ரைசர், ஆறு ஸ்லாட். எதை எதில் மாட்டுவது என்று எல்லா விதமாகவும் மாற்றிப் பார்க்க 5,18,400 வழிகள் உண்டு. அணைத்து, மாற்றி, மறுபடி எழுப்பத் தடவைக்கு 3 நிமிடம் என்றால், சோறு தூக்கம் இல்லாமல் 1,080 நாள். ஆய்வாளர் பதினான்காவது வழியோடு நிறுத்திக்கொண்டார். அதற்குள் ஓர் உண்மை தட்டுப்பட்டிருந்தது: காணாமல் போகும் கார்டு மாறிக்கொண்டே இருந்தது, எண்ணிக்கை மாறவில்லை. எதை எங்கே மாட்டினாலும் ஐந்து. காணாமல் போனது கார்டு அல்ல, ஆறு என்கிற எண்.

இதைக் கேட்ட கடைத் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அண்ணே, பயாஸ்ல தேதி என்ன காட்டுது?" என்றார். போய்ப் பார்த்தேன். 2017 ஜனவரி 1.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கார்டும் மதர்போர்டிடம் தனக்கென்று 256 மெகாபைட் அளவுக்கு ஒரு முகவரி இடம் கேட்கும். பழைய முறைப்படி 4 ஜிபிக்குள்தான் இலை போட வேண்டும். அங்கே மற்ற வேலைகளுக்கும் இடம் விட்டதுபோக ஐந்து இலைதான் விழும். ஆறாவது ஆள் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். 4 ஜிபிக்கு மேலேயும் இலை போட அனுமதிக்கிற ஏற்பாடு ஒன்று பயாஸில் உண்டு. பெயர் அபவ் 4ஜி டீகோடிங். ரிக் வாங்கிய அன்றே அதை ஆன் செய்திருந்தேன். கரண்ட் இல்லாத நேரத்தில் அதை நினைவில் வைத்திருப்பது மதர்போர்டில் பதித்த சிஆர்2032 பேட்டரி. எண்ணிலேயே ஜாதகம் இருக்கிறது: குறுக்களவு 20 மில்லிமீட்டர், கனம் 3.2. அது செத்துப் போயிருந்தது. எட்டு மணி நேரக் கரண்ட் நிறுத்தத்தில் மதர்போர்டு தேதியையும் மறந்தது, ஆறாவது இலையையும் மறந்தது. அந்தப் பேட்டரியைக் கடையில் காயின் செல் என்றுதான் கேட்க வேண்டும். நாணயம் தோண்டும் எந்திரம் ஒரு நாணயத்தால் நின்றது என்ற இந்தக் கண்டுபிடிப்பை ஆய்வாளர் பலரிடம் சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

புது செல் போட்டு, பயாஸில் அந்த ஒரு வரியை மாற்றி, செப்டம்பர் 14 இரவு ரிக்கை எழுப்பினேன். ஆறு. ஒன்று, இரண்டு என்று விரல் வைத்தும் எண்ணிப் பார்த்தேன். ஆறுதான்.

மறுநாள் பகல் 12 மணி 12 நிமிடத்துக்கு ஈத்தீரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டது. அந்த நாணயத்தை ஊகித்துத் தோண்டும் வேலை உலகம் முழுக்க அந்த நிமிடத்தோடு நின்றது. தேதி மாதக் கணக்கில் பேசப்பட்டு வந்ததுதான். ரப்பரும் கையுமாக இருந்தவனுக்கு அது உறைக்கவில்லை. ஐந்து நாள் முன்னால் மின்கட்டணமும் ஏறியிருந்தது. ஆறு கார்டும் பட்டியலில் பச்சையாக நின்றன, கீழே வருமானம் பூஜ்யம்.

சுவிட்சை அணைத்தேன். காற்றாடிச் சத்தம் அடங்கியதும் அம்மா மாடிப்படியில் ஏறி வருவது கேட்டது. தோளில் பிழிந்த போர்வை.

"ஆறும் வந்துருச்சுன்னு ராத்திரி சொன்னியேடா. ஏன் நிப்பாட்டுன?"