மின்கிதாரின் கணீர்மைக் குறைபாடும் பிக்கப் மாற்றமும்: பழவங்காடித் தேங்காயை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

"மாமா, சவுண்டு கம்பளிக்குள்ளேருந்து வாற மாதிரி இருக்கு. எந்த பிக்கப் வாங்கிப் போடலாம்?" என்று மருமகன் கேட்ட அன்று இவ்வாய்வு பிறந்தது. இடம், திருவனந்தபுரம் பழவங்காடி. பிள்ளையார் கோயிலுக்கும் சாலைக் கம்போளத்துக்கும் நடுவே எங்கள் வீட்டு மாடி. பொருள், பழைய விலைக்கு வாங்கிய ஒரு மின்கிதார். அதில் இரண்டு ஹம்பக்கர்.

வேறு யாராக இருந்தாலும் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். நான் ஆய்வுப் பட்டம் பெற்றவன். கேட்டவனை உட்காரவைத்து, முதலில் அந்தக் கேள்வியின் வரலாற்றைச் சொன்னேன். அவன் நடுவில் இரண்டு முறை சாயா குடிக்கப் போய்வந்தான். மூன்றாம் முறை போனவன் திரும்பவில்லை. எஞ்சியதைக் கட்டுரையாக்குகிறேன்.

2. கலைச்சொல் விளக்கம்

இத்துறையார் இந்த ஓசையை 'பிரைட்' என்பார்கள். கண்ணுக்குரிய சொல்லைக் காதுக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கம். தமிழ்ச் செவிக்கு அந்த வறுமை இல்லை. கணீர், கிண், ணங் என்று வைத்திருக்கிறது. எனவே இப்பண்பு இக்கட்டுரையில் 'கணீர்மை' எனப்படும். எதிர்ப்பதம் 'மொத்தை'.

பிக்கப்பைத் தமிழ்ப்படுத்துவதே பெரும்பாடு. 'எடுப்பான்' எடுப்புச் சாப்பாட்டோடு மயங்கும். 'கவர்வான்' என்றால் பேருந்தில் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளத் தோன்றும். 'நரம்பதிர்வு மின்காந்தச் சுருளுணரி' குற்றமற்ற சொல்தான். சொல்லி முடிப்பதற்குள் பல்லவி முடிந்து சரணம் வந்துவிடும். இதற்கென ஒரு குழு கூடலாம். அத்தகைய குழுக்களில் சொல் பிறக்கும் முன்பே பயணப்படிப் படிவம் பிறந்துவிடும் என்பதறிந்து, 'பிக்கப்' என்றே ஆள்கிறேன்.

3. முன்னாய்வுகள்

காந்தத்தின்மேல் செம்புக் கம்பியைச் சுற்றி, அதன் அருகே எஃகுத் தந்தியை அதிரவிட்டால் சுருளில் மின்சாரம் பிறக்கும். பிக்கப் என்பது இவ்வளவே. அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் 1930களின் தொடக்கத்தில் இதைக் கிதாரில் வைத்தார். ரிக்கன்பேக்கர் நிறுவனம் விற்ற அந்தக் கிதாருக்கு வாணலி என்றே பட்டப்பெயர், உருவமும் அப்படித்தான்.

ஒற்றைச் சுருளுக்கு ஒரு கேடு உண்டு. சுவரில் ஓடும் மின்சாரத்தின் ரீங்காரத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் அந்த ரீங்காரம் 60 ஹெர்ட்ஸ், நம்மூரில் 50. கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் இரண்டு சுருளை எதிரெதிர்த் திசையில் சேர்த்து ரீங்காரத்தைக் கொன்றார், ஹம்பக்கர் பிறந்தது. 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959இல் கிடைத்தது. அதன்பின் பிக்கப்பின் அடியில் ஒட்டிய சீட்டில் நிறுவனம் ஒரு காப்புரிமை எண்ணை அச்சிட்டது: 2,737,842. அது பிக்கப்பின் எண்ணே அன்று. லெஸ் பால் பெயரில் பதிவான, கம்பி மாட்டும் வால்துண்டு ஒன்றின் எண். நூலைத் திறக்காமலே மேற்கோள் காட்டும் நம் மரபுக்கு அமெரிக்கக் கிளையும் உண்டென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தமிழர் பங்களிப்பைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை அச்சேறாது. யாழின் உறுப்புகளில் 'ஆணி' என ஒன்று உண்டு. ஹம்பக்கரிலும் ஒவ்வொரு தந்திக்கும் கீழே ஓர் ஆணி உண்டு. எனவே யாழில் ஹம்பக்கர் இருந்தது என்பது என் துணிபு. விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட 'யாழ்நூல்' இதைக் குறிப்பிடவில்லை. அடிகள் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் எழுதுவார். அந்தப் பலவீனம் எனக்கு இல்லை.

மாண்டலின் ஸ்ரீனிவாஸ் (1969–2014) இரட்டை இரட்டையாக இருந்த தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்து, பிக்கப் வைத்த மாண்டலினில் கமகத்தை நீளவிட்டுக் காட்டினார். ஆனால் அவர் வாசித்தார். ஆய்வுக் கட்டுரை வாசிக்கவில்லை. ஆகவே சான்றாகக் கொள்ள இயலாது.

4. வகைப்பாடு

ஒற்றைச் சுருள்: கணீர்மை மிகுதி, ரீங்காரமும் மிகுதி, டெலிகாஸ்டர் கிதாரின் பிரிட்ஜ் பக்கப் பிக்கப் இவ்வகையின் உச்சம்.

ஹம்பக்கர்: ரீங்காரம் இல்லை, கணீர்மை குறைவு.

பி-90: ஒற்றைச் சுருள்தான், உடம்பு பெருத்தது.

ஹம்பக்கர் குழியில் பொருந்தும் ஒற்றைச் சுருள்: கூட்டுக் குடும்பத்துக்குள் தனிச்சமையல்.

ஏனையவை: ஏனையவை.

5. தேங்காய் அளவுகோல்

கணீர்மையை அளக்க அலகு வேண்டும். ஆய்வகத்தில் அலைவுகாட்டி இருக்கும். எனக்குப் பிள்ளையார் இருக்கிறார்.

பழவங்காடி கணபதி வலக்காலை மடித்து அமர்ந்தவர். கோயிலைப் பராமரிப்பது இந்திய ராணுவம். தலையாய வழிபாடு தேங்காய் உடைத்தல். நடை திறந்தால் ஓசை ஓயாது. உடைப்பொலித் தரவுக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றேன். கிடைத்த வகைகள் வருமாறு.

'டப்': ஓட்டில் ஏற்கெனவே விரிசல் கண்டது. விற்றவருக்குத் தெரியும், வாங்கியவருக்குத் தெரியாது, பிள்ளையாருக்கு இருவரையும் தெரியும்.

'சளக்': இளசு, தண்ணீர் முந்திக்கொள்ளும்.

'கொடக்': உள்ளே கொப்பரையாகிவிட்டது. ஓய்வுபெற்ற பேராசிரியர் தலைமையுரை ஆற்றுவது போன்ற ஓசை.

'ணங்': முற்றிய காய், குறுக்காக விழுந்து, ஒரே அடியில் சிதறுவது. இதுவே முழுக் கணீர்மை. ஓர் அலகு எனக் கொள்க.

ணங் மூன்றாக விரியும். விசாவுக்கு நேர்ந்துகொண்ட ணங் உரத்து விழும். கல்யாணத்துக்கு நேர்ந்துகொண்ட ணங்கில் பெற்றோரின் தோள்வலி கலந்திருக்கும். பரீட்சைக்கு நேர்ந்துகொண்டவர்களின் கை நடுங்குவதால், மார்ச் மாதத்தில் ணங் ஆக வேண்டிய காய்களும் டப்பில் முடியும் (பூக்கடைக்காரர், வாய்மொழி, தலை நிமிராமல்). இதை மறுத்து, நடுக்கம் கையில் இல்லை, காயில் என்பாரும் உளர் (அடுத்த பூக்கடைக்காரர், வாய்மொழி, முன்னவரைப் பாராமல்). இவ்விரு பள்ளியாரின் பகை மல்லிகை விலை பற்றியது. ஆயினும் கோட்பாட்டுப் பகையாகவே கொள்ளத் தகும். விரிவுக்குக் காண்க: எழுதப்படவிருக்கும் என் நூல், ஏழாம் அதிகாரம், இரண்டாம் பதிப்பு. முதல் பதிப்பில் அந்த அதிகாரம் இல்லை. முதல் பதிப்பும் இல்லை.

மேத்தன் மணி என்னும் கடிகாரத்தை அலகாகக் கொள்ளலாமே என்று கேட்டார் என் மைத்துனர் (வாய்மொழி, ஓவர்பிரிட்ஜ் சிக்னல், சிவப்பு விழுந்த முதல் நிமிடம், ஸ்கூட்டர் அணைக்கப்பட்ட நிலையில்). பொருந்தாது. அது மணிக்கு ஒருமுறைதான் அடிக்கும். இரண்டு ஆடுகள் இருபுறமும் வந்து தாடிக்காரர் கன்னத்தில் முட்டுவதைப் பார்த்தபடி நிற்கும்போது காது வேலை செய்யாது. பச்சை விழுந்ததால் மைத்துனர் மறுமொழி கூறவில்லை, ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்பட்டது.

தேங்காய்க்கும் கிதாருக்கும் என்ன உறவு என்றால், சொல்கிறேன். காய் சிதறும் கணத்தில் தாழ்ந்ததும் உயர்ந்ததுமான அதிர்வெண்கள் ஒருசேரப் பாய்கின்றன. தந்தியை மீட்டிய முதல் கணத்தில் நடப்பதும் அதுவே. பிக்கப் அதில் எதைத் தூக்கிக் கொடுக்கும் என்பது சுருளைப் பொறுத்தது. சுற்று கூடினால் ஓசை பெருக்கும், கூர் மழுங்கும். ஒத்ததிர்வின் உச்சி கீழே இறங்கிவிடுவதே காரணம். சுற்று அளவான ஒற்றைச் சுருளில் உச்சி ணங்கில் நிற்கும்; சுற்று மிகுந்த ஹம்பக்கரில் டப்புக்கு இறங்கும். அதிலும் ஹம்பக்கர் தந்தியை இரண்டு இடத்தில் கேட்பதால் மெல்லிய மேலோசைகள் சில ஒன்றையொன்று கொன்றுகொள்ளும்.

நாற்பத்தொரு காய்களை எண்ணினேன். நாற்பத்திரண்டாவதன் சில்லு என் நெற்றியைத் தொட்டுச் சென்றதால் தரவுத் திரட்டல் நிறைவுற்றது. பிக்கப்பில் சுற்றும் செம்புக் கம்பியின் கேஜ் எண்ணும் 42. இது தற்செயல் என்று நம்புகிறவர்கள் ஆய்வுக்கு லாயக்கில்லாதவர்கள்.

6. நூற்பாவும் உரையும்

மேற்கண்டவற்றைத் தொகுத்து நானே ஒரு நூற்பா செய்து, நானே உரையும் எழுதினேன். இதனால் பாடபேதம் தவிர்க்கப்பட்டது.

தந்தியும் காந்தமும் சுற்றும் குமிழும்
வடமும் விரலும் எனவிவை ஆறும்
கணீரென் ஓசைக்குக் காரணம் என்ப.

தந்தி: கைவேர்வையும் கடல்காற்றும் பட்டால் மங்கும். இது எளிய செய்தியாதலின் விரித்திலம்.

காந்தம்: அல்நிகோ என்பர். ஐந்தாம் எண் துடிப்பு, இரண்டாம் எண் சாந்தம். அலுமினியம், நிக்கல், கோபால்ட் என்ற மூன்றின் தலையெழுத்துகளால் ஆன பெயர் அது. உள்ளே பெரும்பங்கு இரும்புதான். பெயரில் மட்டும் அதற்கு இடமில்லை. ஆய்வு மாணவன் எழுத, நெறியாளர் பெயர் முன்னால் வரும் கட்டுரையோடு ஒப்புநோக்குக.

சுற்று: 42 கேஜ் என்பது தலைமுடி அளவுக் கம்பி. வழக்கமான ஓர் ஒற்றைச் சுருளில் எட்டாயிரம் சுற்று வரை ஓடும். அவிழ்த்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். பிள்ளையார் நடையில் ஒரு நுனியைக் கட்டினால் மறுநுனி தம்பானூர் ரயில் நிலையத்தைத் தொடும். கட்டிப் பார்க்கவில்லை, ராணுவம் இருக்கிறது.

குமிழ்: ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குள் மின்தடை இருக்கிறது. ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 என்பது மரபு. தடை குறைந்தால் கூரான ஓசை தரையில் கசிந்துபோகும்.

வடம்: நீளம் கூடக் கூட மேலோசையைத் தின்னும். மருமகனுடையது மாடியிலிருந்து முற்றம் வரை வரும்.

விரல்: உறவு கருதி உரை எழுதப்படவில்லை.

என்ப: யார் சொன்னது என்று தெரியாதபோது புலவர்க்குக் கைகொடுக்கும் சொல்.

7. களப்பணி

சாலைக் கம்போளத்துக்குள், திவான் ராஜா கேசவதாஸ் காலத்திலிருந்து யாரும் அகலப்படுத்தாத சந்து ஒன்றில், ரேடியோ பழுது பார்க்கும் அண்ணாச்சியிடம் நானும் மருமகனும் கிதாரைக் கொண்டுபோனோம். புதிய பிக்கப்பும் கையில் இருந்தது: சுற்று அளவான, அல்நிகோ ஐந்து போட்ட ஹம்பக்கர். மேலே கண்ட நூற்பாவை அண்ணாச்சிக்குச் சொன்னேன். அவர் தந்தியை விரலால் ஒருமுறை தடவினார். விரல் நுனி பழுப்பானது.

"கம்பி எப்ப மாத்துனது மக்கா?"

"ஓணத்துக்கு, அண்ணாச்சி."

"எந்த ஓணம்?"

மருமகன் மேத்தன் மணி இருக்கும் திசையைப் பார்த்தான்.

அண்ணாச்சி பிக்கப்பைப் பிரிக்கும் முன் புதுத் தந்தி ஆறையும் போட்டு, குட்டி ஸ்பீக்கரில் செருகி ஒரு மீட்டு மீட்டினார். ணங் என்றது. பிக்கப்பின் விலையில் அந்தத் தந்திக்கட்டு ஒரு மூலைக்கும் காணாது. இத்தரவு ஆய்வின் நோக்கத்துக்கு முரணாக இருந்ததால் பிற்சேர்க்கைக்கு மாற்றப்பட்டது. பக்க வரம்பு கருதிப் பிற்சேர்க்கை நீக்கப்பட்டது.

பிறகு குமிழைத் திறந்தார். ஹம்பக்கர் கிதாரில் யாரோ 250ஐ வைத்திருந்தார்கள். 500 போட்டார். வடத்தைப் பாதியாக வெட்டி முனை பற்றவைத்தார். கடைசியில், நான் முகம் வாடாதிருக்கும்பொருட்டு, பிக்கப்பையும் மாற்றினார். கணீர்மை ஓரலகு, முழுத் தேங்காய். நான்கையும் மாற்றியதில் எது காரணம் என்ற ஐயம் சிலருக்கு எழலாம். கட்டுரையின் தலைப்பு பிக்கப் பற்றியது. ஆகவே காரணமும் பிக்கப்பே.

8. முடிவுரை

அன்று இரவு மாடியிலிருந்து ஓசை வந்தது. ஒவ்வொரு மீட்டலும் கோயில் வாசலில் காய் சிதறினாற்போல் விழுந்தது. ஆய்வின் வெற்றியைக் காதால் காண மேலே போனேன்.

"எப்படி மக்கா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா ரொம்பக் குத்துது, கேட்டியளா" என்றபடி டோன் குமிழைப் பத்திலிருந்து திருகிக்கொண்டே வந்து மூன்றில் நிறுத்தினான். மீட்டினான். கண்ணை மூடித் தலையாட்டினான்.

கம்பளிக்குள்ளிருந்து வந்தது.